அந்த ஒன்பது கை

ஜாக்கெட்டின் கைப்பக்கத்தில் ஓட்டியிருந்த கச்சா நூலை ஊசி முனையால் நெம்பி நெம்பி உருவிக்கொண்டிருந்தாள் இசக்கியம்மாள். மிஷின் தையல் விழும்வரை துணி நகராமல் பிடித்துக்கொள்ளத்தான் கச்சா. தையல் விழுந்துவிட்டால் அதற்கு வேலை இல்லை. மடியெல்லாம் வெள்ளை நூலாகக் கிடந்தது.

"யக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"ம்."

"தோத்துப் போவோம்னு தெரிஞ்சே எதுக்கு யக்கா மாசாமாசம் ஓட்டுக்கு விடுதோம்?"

மிஷின் நிற்கவில்லை.

ஜெபமணி வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும். அதனால் அவள் பேச்சும் நாலைந்து சொல்லுக்கு மேல் போகாது. இசக்கியைவிட நாலு வயதுதான் மூத்தவள். ஒரு கால் சூம்பிய கால். மற்ற காலால் மிதித்தே அந்த ஊர் பெண்களில் பாதிப்பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். டவுன் பஞ்சாயத்தில் ஏழாவது வார்டு கவுன்சிலரும் அவள்தான்.

இசக்கி நாலாவது வார்டு. பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள், வீட்டுக்காரர் மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டாள், ஜெயித்துவிட்டாள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கூட்டத்தில் பேர் கூப்பிட்டால் "உள்ளேன்" சொல்வதற்குள் காதுமடல் சிவந்துபோகும்.

தையலையும் ஜெபமணியிடம்தான் படித்தாள். சபையில் எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்பதையும் அவளிடம்தான்.

"இந்தக் கச்சா நூல் மாதிரியா யக்கா? பிரிக்கதுக்குன்னே ஓட்டுத மாதிரி?"

ஜெபமணி நூலைப் பார்த்தாள். இசக்கியைப் பார்த்தாள்.

"இல்ல. அது நூலு."

இசக்கிக்கு ஒன்றும் புரியவில்லை.



தீர்மானம் இவ்வளவுதான். பால்வாடிக் கட்டிடத்தில் காரை பெயர்ந்து விழுகிறது. பூட்டிக் கிடக்கிற சமுதாயக் கூடத்தைத் திறந்து, புதுக் கட்டிடம் வரும்வரை பிள்ளைகளை அங்கே உட்காரவைக்க வேண்டும்.

காரை விழுந்தது இசக்கியின் மகன் மேல். சுடலைமணிக்கு மூன்று வயது. புருவத்துக்கு மேலே மூன்று தையல். அதற்குப் பிறகு பிள்ளைகளை எல்லாம் ரேஷன் கடை வராந்தாவில் உட்காரவைத்திருக்கிறார்கள். ஐப்பசி மழை அடித்தால் சாரல் நேரே உள்ளே வரும். அதன்பிறகு மறுபடியும் அந்தக் காரை விழுகிற கூரைக்குக் கீழேதான் போக வேண்டும்.

கூடத்துச் சாவி தலைவர் சொர்ணமுத்துவிடம் இருந்தது. உள்ளே யாருடைய சிமெண்டு மூட்டையோ அடுக்கியிருந்தது. யாருடையது என்று ஊருக்குத் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜெபமணி முன்மொழிவாள். இசக்கி வழிமொழிவாள். பன்னிரண்டு பேர் சபையில் இவர்கள் பக்கம் மூன்று கை. மூன்றாவது கை கோயில்பிள்ளை தாத்தாவுடையது. அவரை முழங்கையால் இடித்து எழுப்பினால்தான் தூக்குவார்.

ஏழு மாதம். ஏழு தடவை. ஏழும் தோல்வி.

இசக்கி கூட்டத்துக்குப் புறப்பட்டால் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்பார்: "தோக்கதுக்கு எதுக்குட்டி நல்ல சேலை?"

அவள் பழைய சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போவாள்.



எட்டாவது கூட்டத்துக்குப் போகும் வழியில் ஜெபமணி சொன்னாள்.

"இன்னைக்கு எண்ணாத. பாரு."

"எதை?"

"கையை."

தலைவர் மேடை நாற்காலியில் இருப்பார். அவர் ஆட்கள் எட்டுப் பேர் முன்வரிசை. இவர்கள் மூன்று பேருக்கும் பின்பெஞ்சு. அங்கிருந்து பார்த்தால் முன்வரிசைக்காரர்களின் கை தெரியும். முகம் தெரியாது.

எழுத்தர் பென்சிலால் காற்றில் குத்திக் குத்தி எண்ணினார். ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஒன்பது. தீர்மானப் புத்தகத்தில் இரண்டு எண்ணை எழுதினார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

திரும்பும்போது ஜெபமணி கேட்டாள்.

"என்ன பாத்தே?"

"செண்பகவல்லி மயினி பச்சை ஜாக்கெட்டு. நான்தான் ஹெம்மிங் போட்டேன். நான் தைச்ச கையே எனக்கு எதிரா எந்திரிக்குது யக்கா."

"தையல் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அப்ப சரி."

இசக்கிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் நடந்தபிறகு சொன்னாள், பலவேசம் அண்ணாச்சி கை மட்டும் காதுக்கு மேலே போகவில்லை என்று. காதைச் சொறிகிற மாதிரி அங்கேயே நின்றுவிட்டது என்று.

"போன மாசம்?"

"போன மாசம் நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்."

ஜெபமணி நொண்டி நொண்டி முன்னால் போய்விட்டாள்.



அந்த மாதம் முழுக்க இசக்கிக்குக் குழப்பம்தான்.

சுடலைமணியின் சின்ன சைக்கிளுக்குக் காற்றடிக்கப் பலவேசம் கடைக்குப் போனாள். பலவேசம் பிள்ளையின் புருவத்தைத் தடவிப் பார்த்து வருத்தப்பட்டார். அவருடைய பேத்தியும் அதே பால்வாடிதான். தனக்கு முழுச் சம்மதம் என்றும், மற்றவர்கள்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்றும் சொன்னார்.

செண்பகவல்லி புதுத் துணி கொண்டுவந்தாள். அவளும் அதையேதான் சொன்னாள். அவளுக்குச் சம்மதம். மற்றவர்கள்தான்.

தலைவர் வீட்டு மருமகள் ஜாக்கெட் வாங்க வந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண்பிள்ளை. அடுத்த வருசம் இவளையும் பால்வாடியில்தான் விட வேண்டும், அந்த வராந்தாவை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றாள். "எங்க மாமா எவ்வளவோ சொல்லிப் பாத்தாவளாம். சபை ஒத்துக்கலையாம்" என்று பெருமூச்சு விட்டாள்.

இசக்கி ஜாக்கெட்டை மடித்துக் கொடுத்தாள். தலைவர் கைதான் எல்லாக் கையிலும் முதலில் எழும்பும்.

மாவு ஆட்டும்போது விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இதுவரை ஆறு பேரிடம் பேச்சுக் கொடுத்தாயிற்று, ஆறு பேருக்கும் சம்மதம். தங்கள் மூன்று பேரையும் சேர்த்தால் ஒன்பது. அப்படியானால் எதிர்ப்பு மூன்றுதான் வர வேண்டும். வருவதோ நேர் தலைகீழாக.

மறுபடியும் முதல் விரலில் இருந்து ஆரம்பித்தாள். மாவு பொங்கி வழிந்தது.

மறுநாள் கடைக்குப் போனதும் கேட்டாள்.

"எல்லாருக்கும் சம்மதம்ங்காவ யக்கா. பொறவு அந்த ஒன்பது பேரு யாரு?"

மிஷின் நின்றது. ஜெபமணி முதல்முறையாக அவளை முழுசாகப் பார்த்தாள்.

"நல்ல கேள்வி."

"அதான் கேக்கேன்."

"என்கிட்ட கேட்டா? நானா கை தூக்குனேன்?"

மிஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.



ஒன்பதாவது கூட்டத்தன்று ஜெபமணி ஊரில் இல்லை. தங்கச்சிக்குப் பிரசவம் என்று தூத்துக்குடிக்குப் போயிருந்தாள். தீர்மானத் தாளை இசக்கி கையில் கொடுத்து, எழுந்து நின்று படித்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூட்டம் தொடங்கும் முன்னே தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். டீ வந்தது, அவளுக்குப் பீங்கான் கோப்பையில்.

இசக்கி தங்கச்சிக்குப் பச்சைப்பிள்ளை மனசு, அந்த மனசு மாசாமாசம் நோகிறதைப் பார்க்கத் தன்னால் முடியவில்லை என்றார். ஓட்டுக்கு விட்டால்தானே தோற்றோம் என்று எழுத வேண்டியிருக்கிறது, விடாமல் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதிவிட்டால் அவளுக்கும் மரியாதை, பிள்ளைகளுக்கும் ஒரு நம்பிக்கை. அவ்வளவு பெரிய மனுசர் அவ்வளவு மெல்லப் பேசி இசக்கி கேட்டதில்லை.

"தோத்தோம்னு எழுத மாட்டாவளா அண்ணாச்சி?"

"எழுத மாட்டாவ. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

அன்றைக்கு மாதிரி ஒரு கூட்டம் அவள் பார்த்ததே இல்லை. முன்வரிசை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தது. பலவேசம் கடலைமிட்டாய் கொடுத்தார். செண்பகவல்லி தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். வழக்கமாகக் கூட்டம் முடிந்ததும் பின்வாசல் வழியாகப் போகிறவர்கள் அன்றைக்கு முன்வாசல் வழியாகவே போனார்கள். பால்வாடிப் பிள்ளைகளின் தாய்மார் வாசல் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களிடமும் நின்று நின்று பேசிவிட்டுப் போனார்கள்.

இசக்கி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு அவள் தோற்கவில்லை.



ஜெபமணி திரும்பி வந்ததும் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பீங்கான் கோப்பையைச் சொன்னாள். கடலைமிட்டாயைச் சொன்னாள்.

ஜெபமணி வாயிலிருந்து குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். ஐந்து ஊசி. எல்லாவற்றையும் அவள் எடுத்து இசக்கி பார்த்ததில்லை.

"ஏட்டி, நீயும் நானும் குழாயடி வரைக்கும் ஓட்டப்பந்தயம் ஓடுதோம். யாரு ஜெயிப்பா?"

இசக்கி அவள் காலைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"சும்மா சொல்லுட்டி. ஊருக்கே தெரிஞ்சதுதானே."

"நான்தான் யக்கா."

"அப்ப, பந்தயம் வேண்டாம், ஒத்திவைப்போம்னு யாரு சொல்லுவா?"

"நீங்கதான் சொல்லுவிய."

"அங்க யாரு சொன்னா?"

"தலைவர் அண்ணாச்சிதான்…"

ஒன்பது கை அவர் பக்கம். எண்ணினால் அவர்தான் ஜெயிப்பார். எட்டு தடவை ஜெயித்தவர். ஜெயிக்கிற மனுசனுக்கு எண்ணுவது எதற்கு வலிக்க வேண்டும்? தோற்கிறவளுக்கு எதற்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும்?

"எனக்கு ஒண்ணும் விளங்கல யக்கா. நான் தப்புப் பண்ணிட்டேனா?"

ஜெபமணி குண்டூசிகளை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் முதல் தூறல் விழுந்தது. வராந்தாவில் இருந்து சுடலைமணியைத் தூக்கி வரும்போது அவன் முதுகெல்லாம் நனைந்திருந்தது.



பத்தாவது கூட்டத்தில் ஜெபமணி இருந்தாள். ஆனால் தீர்மானத் தாளை இசக்கியின் மடியில் போட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இசக்கி எழுந்தாள். படித்தாள்.

தலைவர் சிரித்தபடி, இதைப் போன தடவை மாதிரியே ஒத்திவைத்துவிடலாம், தங்கச்சிக்கும் அதுதான் இஷ்டம் என்றார். முன்வரிசைத் தலைகள் எல்லாம் ஆடின. எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

"ஓட்டுக்கு விடுங்க அண்ணாச்சி."

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. எழுத்தர் என்னம்மா என்றார்.

"ஓட்டுக்கு விடணும். பொறவு ஒரு விசயம். யாரு யாரு வேண்டாம்ங்காவளோ, அவிய பேரையும் எழுதணும்."

எழுத்தர் தலைவரைப் பார்த்தார். எண்ணிக்கை எழுதினால் போதாதா, பேர் எதற்கு என்று தலைவர் கேட்டார். இத்தனை வருசத்தில் யாரும் கேட்டதில்லை என்றார். மெல்லத்தான் கேட்டார். ஆனால் டீ கொடுத்த அன்று பேசிய மெல்லம் இல்லை.

இசக்கிக்குக் காது எரிந்தது. உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஜெபமணியைப் பார்த்தாள். ஜெபமணி இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா நினைக்காதிய அண்ணாச்சி. எனக்குப் படிப்புப் பத்தாது. நீங்க சம்மதம்னு உங்க வீட்டுல சொல்லியிருக்கிய. பலவேசம் அண்ணாச்சி சம்மதம்ங்காவ. செண்பகவல்லி மயினி சம்மதம்ங்காவ. எல்லாருக்கும் சம்மதம். அப்ப அந்த ஒன்பது பேரு யாருன்னு எனக்கு விளங்கல. அதுக்குத்தான் கேக்கேன்."

முன்வரிசையில் ஒருவரும் திரும்பவில்லை.

பின்பெஞ்சில் கோயில்பிள்ளை தாத்தா யாரும் இடிக்காமலே கண்ணைத் திறந்தார். "எழுதும்வே. அந்தப் பிள்ளை நியாயமாத்தானே கேக்கு" என்றார்.

எழுத்தர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட ஆரம்பித்தார்.

பலவேசத்துக்குப் போன் வந்துவிட்டது. மணி அடித்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். செண்பகவல்லியின் கை பாதி எழுந்தது, பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மடியில் இறங்கிவிட்டது. தலைவர் கை எப்போதும்போல எழுந்தது. ஆனால் கடைசியாக.

ஆதரவு மூன்று. எதிர்ப்பு ஏழு. தீர்மானம் தோற்றது.

இசக்கி தையல்கடை அளவு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அந்த ஏழு பேரையும் பெரிய பெரிய எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டாள். எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதே என்று இரண்டு தடவை எழுத்தரிடம் கேட்டாள்.

முன்வாசல் வழியாக அன்றைக்கு இவர்கள் மூன்று பேர்தான் வந்தார்கள். குழாயடியில் நின்ற பெண்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். தோத்துட்டோம் என்றாள் இசக்கி. கையில் என்ன தாள் என்று கேட்டார்கள். பேரு என்றாள். அதற்குமேல் சொல்ல வெட்கமாக இருந்தது. சுடலைமணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.



மறுநாள் காலை மறுபடியும் கச்சா நூல்தான். தலைவர் வீட்டு மருமகளின் இன்னொரு ஜாக்கெட். வெளியே மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது.

"ஒன்பது தடவை தோத்தாச்சு யக்கா."

"ம்."

"நேத்து ராத்திரி எங்க வீட்டுக்காரரு எப்பவும் மாதிரி கேலி பண்ணல. பேரை எல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டாவ. கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டாவ."

"ம்."

"தோத்தது நாமதானே? எனக்கு ஏன் தோத்த மாதிரியே இல்ல?"

மிஷின் நின்றது.

"பேரு கேக்கணும்னு உனக்கு யாரு சொல்லித் தந்தா?"

"யாரும் சொல்லல. தெரியாமத்தான் கேட்டேன். நீங்க சொல்லித் தந்திருந்தா பயந்திருப்பேன்."

ஜெபமணி ஒரு குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள். எடுத்த ஊசியை இசக்கியிடம் நீட்டினாள். இசக்கி வாங்கிக்கொண்டாள். எங்கே குத்துவது என்று தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லு. தோப்போம்னு தெரிஞ்சே எதுக்கு ஓட்டுக்கு விடுதோம்?"

இசக்கி நூலைப் பார்த்தாள். தூறலைப் பார்த்தாள். சொல்லத் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது.

"யக்கா, அது வந்து…"

"இசக்கி. ஏ இசக்கி."

வாசலில் குடை பிடித்து நின்றது பலவேசத்தின் பெண்டாட்டி கோமு. அவளுக்குப் பின்னால் பால்வாடித் தாய்மார் நாலைந்து பேர். யாரும் துணி கொண்டுவரவில்லை.

"அந்தப் பேரு எழுதுன தாளை எடுத்துட்டு வாட்டி. எங்க வீட்டு மனுசன் தன் பேரு அதுல இல்லவே இல்லன்னு கற்பூரம் அடிக்காத குறையா சத்தியம் பண்ணுதாரு. நீ வந்து எல்லாருக்கும் கேக்கப் படி."

இசக்கி தாளை எடுத்தாள். நிலைப்படி தாண்டப் போனவள் அப்படியே நின்றாள்.

கூட்டத்துக்குப் பின்னால், குடை இல்லாமல், இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, முந்தானையை அதன் தலைக்குமேல் இழுத்துப் பிடித்தபடி தலைவர் வீட்டு மருமகள் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் தைத்து முடியாத தன் ஜாக்கெட்டை அவள் பார்க்கவில்லை. இசக்கியின் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாட்டி, மழை வலுக்குது" என்றாள் கோமு.

இசக்கி மடியில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள். வாசலில் கால் வைத்தபடி உள்ளே திரும்பினாள்.

"யக்கா, அப்ப நாம இத்தனை வாட்டி தோத்தது யாரு கை தூக்குனான்னு ஊரு பாக்கத்தானா?"